இரண்டு வாய்தா தூரம்

நாலு வருஷமாக நான் எடுத்த விடுப்பெல்லாம்
வாய்தாவுக்குப் போனது.
போன மாதம் தீர்ப்பு நகல் கைக்கு வந்தது,
முத்திரை மை காயும் முன் மடித்துவிட்டதால்
எதிர்ப் பக்கத்திலும் ஒரு முத்திரையோடு.
இப்போது ரெண்டு நாள் லீவு கேட்டால்
லேப் முதலாளி கண்ணாடியை இறக்கிப் பார்க்கிறார்:
"இன்னும் முடியலையாம்மா?"
முடிஞ்சிருச்சு சார்.
அதுக்குத்தான்.

ராத்திரி பத்து மணி.
பாலக்கோட்டுத் தக்காளி லாரிகள்
நாலு ரோட்டைத் தாண்டிப் போகும் சத்தம்.
கனிஷ்கா தூங்குகிறாள்
ஒரு காலை என் மடியில் போட்டபடி.
லேப்பில் மிஞ்சிய ரத்தப் பரிசோதனைச் சீட்டில்
கணக்கு எழுதுகிறேன்,
கோடு போட்ட கட்டம் இருப்பதால்.
பரிசோதனை.
அளவு.
இயல்பு அளவு.

பஸ்: வெள்ளை போர்டு வந்தால் எனக்கு இலவசம்,
அவளுக்கு அரை டிக்கெட்.
காத்திருக்க முடியாமல் தனியார் பஸ்ஸில் ஏறினால்
அவன் போடும் பாட்டுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.
அறை: ஏசி இல்லாதது, எண்ணூறு.
போனில் கேட்டான், "சார் பேர் சொல்லுங்க மேடம்."
சார் இல்லை என்றேன்.
கொஞ்ச நேரம் அவன் பக்கத்து ஃபேன் மட்டும் சுற்றியது.
"ஆதார் எடுத்துட்டு வாங்க, போதும்."
ஆதாரில் இன்னும் அவர் பெயர்
என் பெயருக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது.
அதை மாற்றும் கட்டணத்தையும் ஒரு கட்டத்தில் எழுதி
அடித்தேன்.
இந்த மாதம் மீன்.

மீன்: அரைக் கிலோ,
ஆற்றங்கரையில் அடுப்பு வைத்திருக்கும் அக்காவுக்குச் சமையல் கூலி.
நடுத்துண்டு அவளுக்கு ஒன்று எனக்கு ஒன்று.
வாலை யார் தின்பது என்று
ஒன்பது வருஷமாக ஒரு கேள்வியே இருந்ததில்லை.
அந்த ஒன்பது வருஷத்தில் ஒரே தடவை ஏற்காடு.
ஜன்னல் சீட் அவருக்கு,
கொண்டை ஊசி வளைவெல்லாம் எனக்கு.

ஒரு வாய்தா என்பது
ஆட்டோ, ஜெராக்ஸ், குமாஸ்தாவுக்கு டீயும் வடையும்,
ஒரு நாள் சம்பளப் பிடித்தம். வக்கீல் ஃபீஸ் தனி.
அந்தக் கணக்கில் ஒகேனக்கல்
இரண்டு வாய்தா தூரம்.
நான் ஐம்பத்தொன்று போயிருக்கிறேன்.
நேராகப் போயிருந்தால் அந்தமான் வந்திருக்கும்.

தேதி சிக்கலானது.
முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் அப்பாவுக்கு,
உத்தரவில் இருக்கிறது.
மிச்சமுள்ள ஞாயிறில்
கர்நாடகாவில் மழை பெய்யக் கூடாது.
கனஅடி ஏறினால் பரிசலுக்குத் தடை.
ராத்திரிச் செய்தியில் இப்போதெல்லாம்
நீர்வரத்து வரும்வரை டிவியை அணைப்பதில்லை.

இடிக்கும் இடம் பரிசல்தான்.
காசு தலைக்கு இல்லை, பரிசலுக்கு.
நாலு பேர் உட்காரலாம்.
நாங்கள் இரண்டு பேர்.
மிச்ச இரண்டுக்கும் நானே கட்டிவிட்டு
வெற்றிடத்தை எதிரே உட்கார வைத்துக் கூட்டிப் போகலாம்,
எழுநூற்றைம்பது கூடுதல்.
இல்லையென்றால் துறையில் நின்று கேட்க வேண்டும்:
"ரெண்டு பேர் இருக்கோம், சேந்துக்கலாமா?"
பாத்ரூம் கண்ணாடியில் சொல்லிப் பார்த்தேன்.
கூண்டில் நின்றபோதுகூட
குரல் இப்படி இழுத்துக்கொள்ளவில்லை.
இன்னொரு தடவை சொன்னேன்.
பரவாயில்லை.
யாராவது இருப்பார்கள், ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் முடித்து
தோழியோடு வந்த ஒருத்தி,
மூன்றாவது ஆளுக்கும் நாலாவது ஆளுக்கும்
எங்களைப் போலவே துறையைப் பார்த்தபடி.

இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
பேனா தானாகவே எண்ணைச் சுற்றி வட்டம் போட்டது,
சர்க்கரை எல்லை மீறினால் போடும் வட்டம்.
பக்கத்தில் இயல்பு அளவுக் கட்டம்
காலியாகவே இருக்கிறது.
இரண்டு பேருக்கு எவ்வளவு இயல்பு என்று
எந்தப் புத்தகத்திலும் அச்சடிக்கவில்லை.

கனிஷ்கா புரண்டு படுத்தாள்.
"ஜன்னல் சீட் எனக்கு."
பஸ்ஸிலயா, பரிசல்லயா?
"ரெண்டுலயும்."
பரிசல் வட்டம்டி, என்றேன்,
அதுல ஜன்னலும் கிடையாது, ஓரமும் கிடையாது.
அதற்குள் தூங்கியிருந்தாள்.
மடியிலிருந்த கால் மரத்துப்போய்விட்டது,
அவளுடையதா என்னுடையதா தெரியவில்லை.